ஆளில்லாமல் எடுத்த அளவு

மார்ச் 4

வாத்தியாரம்மாவுக்கு,

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. சிரித்தாலும் கிழித்துப் போடாதே. எழுத்துகள் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாகப் போகின்றன. பென்சிலால் கோடு போட்டு அதன்மேல்தான் எழுதுகிறேன். ஆனாலும் வரி முடியும் இடத்தில் கோட்டை விட்டு இறங்கிவிடுகிறது. நாற்பது வருடம் நேர்த் தையல் போட்ட கை இது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? இந்தப் பத்தி எழுத ஒரு காலைப்பொழுது போய்விட்டது. போனால் போகட்டும். எனக்கு ஒரே சந்தோஷமாக இருக்கிறது.

முதலில் போன் விஷயம். நான் கூப்பிடும்போதெல்லாம் மகள்தான் எடுக்கிறாள். "அம்மா குளிக்கிறாங்கப்பா" என்கிறாள். காலையில் கூப்பிட்டாலும் குளியல், மத்தியானம் கூப்பிட்டாலும் குளியல். "சளி பிடிக்கப் போகுதுன்னு சொல்லு" என்றேன். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னை மாட்டி விடாதீங்க" என்று வைத்துவிட்டாள். அதனால்தான் கடிதம். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு குளிக்க முடியாதல்லவா?

நீ கோபித்துக்கொண்டு போன காரணம் எனக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை. மாலையில் நடக்கப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டு முதியோர் வகுப்புக்குப் போனேன். அது பொய்தான். ஆனால் குடிக்கப் போனேனா, சீட்டாடப் போனேனா? எழுதப் படிக்கத்தானே போனேன். எதிர்வீட்டுக்காரி வந்து, "உங்க வீட்டுக்காரர் இப்ப பேப்பர்லாம் படிக்கிறாராமே" என்று உன்னிடம் சொன்னாள். மறுநாளே நீ பெட்டியைக் கட்டிவிட்டாய். நல்ல சேதி கேட்டு யாராவது பெட்டி கட்டுவார்களா?

சரி, சைக்கிளுக்கு வருகிறேன். கடையை மூடிய பிறகு இரண்டு பேரும் சைக்கிளில் ஊர் ஊராகப் போவோம் என்று பேசிக்கொண்டிருப்போமே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு இரண்டு சைக்கிள் ஏற்பாடு செய்துவிட்டேன். பந்தயத்துக்கு ஓட்டுகிறது இல்லை; பையைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க அலுங்காமல் போகிற வகை. என்னுடையது தயார். உன்னுடையது ஹேண்டில்பார் இல்லாமல் முண்டமாக நிற்கிறது.

சைக்கிள் கடை மெக்கானிக் ஒரு பெண். எல்லோரும் அவளை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவளும் கோபிப்பதில்லை. "ஐயா, அம்மாவோட தோள் அகலத்துக்கு ஹேண்டில்பார் போடணும். அளவு தெரியுமா?" என்று கேட்டாள். என்னிடமா கேட்பது! உன் தோள் பதினைந்து அங்குலம். தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தாராளமாக இருக்கட்டும் என்று ஓர் அங்குலம் லூஸ் சேர்த்துப் பதினாறு என்று சொல்லிவிட்டேன். ஹேண்டில்பார் வந்துவிட்டது. ஆட்டுக்கொம்பு போல முன்னால் போய், வளைந்து, கீழே திரும்பி வருகிறது. மேலே பிடிக்கலாம், வளைவில் பிடிக்கலாம், அடியிலும் பிடிக்கலாம். இடத்தை மாற்றி மாற்றிப் பிடித்தால் கை மரத்துப் போகாதாம்.

ஸ்டெம்தான் முடிவாகவில்லை. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இன்னும் இரண்டு நாள் ஆகும். விரல் வலிக்கிறது.

உன் டெய்லர்


மார்ச் 11

டெய்லர் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. படிக்க முடிந்தது. சிரிக்கவில்லை. மகள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள், காட்டவில்லை.

பேசிக்கொண்டிருப்போமே என்று எழுதியிருக்கிறீர்கள். பேசியது நீங்கள். நான் பட்டன் தைத்துக்கொண்டே 'ம்' கொட்டினேன். எனக்குச் சைக்கிள் வேண்டும் என்று எந்த நாளில் கேட்டேன்? சிறு வயதில் ஓட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். இந்த வயதில் ஆட்டுக்கொம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து போனால் பார்க்கிறவர்கள் என்ன தேடுகிறாள் என்று கேட்பார்கள்.

லூஸ் வேறு சேர்த்தீர்களாமே. ஹேண்டில்பார் என்ன, துவைத்தால் சுருங்குமா? அந்தப் பதினைந்து அங்குலம் மகள் கல்யாணத்துக்கு எனக்குத் தைத்த சட்டையின் அளவு. அவளுக்கே இப்போது முடி நரைக்கத் தொடங்கிவிட்டது.

இங்கே எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பின்பக்க அறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் பள்ளிக்கூட மைதானம் தெரிகிறது. மாப்பிள்ளை சுவரில் எனக்காகப் பலகை அடித்து, "அத்தை, பேசாம இங்கயே இருந்துடுங்க" என்கிறார். பேத்திக்கு இன்னும் சரியாக எழுத்துக் கூட்ட வரவில்லை. பள்ளிவிட்டு வந்ததும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என் மடியில் ஏறிவிடுகிறாள். படித்துக் காட்ட இங்கே ஆள் தேவைப்படுகிறது.

அந்த ஸ்டெம் என்பது என்ன? தெரிந்துகொள்ள ஆசை ஒன்றும் இல்லை. பாதியில் விட்டால் எரிச்சலாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா


மார்ச் 19

வாத்தியாரம்மாவுக்கு,

நீ கேட்டுவிட்டாய்! உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் முதியோர் வகுப்பில் உறையை மட்டும் எல்லோருக்கும் காட்டினேன். உள்ளே இருப்பதைக் காட்டவில்லை. காட்டுகிற மாதிரியும் இல்லை.

ஸ்டெம் என்பது சைக்கிளின் உடம்புக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே இருக்கிற சின்னக் கழுத்து. அது நீளமாக இருந்தால் கை முன்னால் போகும், முதுகு குனியும். குட்டையாக இருந்தால் ஹேண்டில்பார் கிட்டே வரும், நிமிர்ந்து உட்காரலாம். இதுவரைக்கும் எனக்குப் புரிந்தது. பிறகு ஸ்பேனர் அதையே கழற்றித் தலைகீழாக மாட்டினாள். இறங்கியிருந்த ஹேண்டில்பார் ஏறிவிட்டது! அப்படியானால் எது தலை, எது கீழ்? அங்கே எனக்குக் குழம்பியதுதான், இன்னும் தெளியவில்லை.

கடையில் நிற்கிறவர்கள் சும்மா இருக்கிறார்களா? பந்தயம் ஓட்டுகிற ஒருவர், "நீளமாப் போடுங்க, தாழ்வா வைங்க. காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போகலாம்" என்றார். காற்று என்ன துணியா கிழிப்பதற்கு? முடி வெட்டுகிறவர் தன் கடையிலிருந்து இறங்கி வந்து, "வளைஞ்சதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? நேரான ஹேண்டில்பாரை மாட்டிக்கிட்டுக் காய்கறி வாங்கப் போங்க" என்றார். ஸ்பேனர் அவர்கள் இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னாள். நான் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நடுவில் நின்றேன். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான். கடைசியில் நீளம், நடுத்தரம், குட்டை என்று மூன்று ஸ்டெம்மையும் உன் சைக்கிளோடு வீட்டுக்கு வாங்கி வந்துவிட்டேன்.

இங்கேதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. கடையில் துணி மாட்டி வைக்கிற பொம்மையை வீட்டுக்குக் கொண்டுவந்தோமே, அதற்கு உன் அளவுக்குத் துணி சுற்றினேன். நீ விட்டுவிட்டுப் போன நீலச் சட்டையை மாட்டினேன். கை இல்லாத பொம்மை அல்லவா, அதனால் சட்டைக் கைகளுக்குள் வெட்டுத்துணியைத் திணித்தேன். வாசலில் உன் சைக்கிளைச் சுவரோடு நிறுத்தி, சீட்டில் பொம்மையை உட்கார்த்தி பெல்ட்டால் கட்டி, கையின் நுனியை ஹேண்டில்பாரில் முடிந்தேன். பின்னால் தள்ளி நின்று பார்த்தால் ஜம்மென்று இருந்தது.

எதிர்வீட்டுக்காரி ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். "ஐயோ, யாருங்க அது, தலையில்லாம?"

"என் வீட்டுக்காரிதான்" என்றேன்.

அவள் உள்ளே போனவள் கதவைத் தாழ்போட்டுவிட்டாள்.

ஸ்பேனர் வந்து பார்த்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். மூன்று ஸ்டெம்மையும் மாற்றி மாற்றி மாட்டினாள். துணிக் கை ஒவ்வொன்றுக்கும் போதுமான அளவு நீண்டது. "எல்லாமே சரியா இருக்கே!" என்றேன் நான்.

"இதுக்குக் கழுத்து வலிச்சா சொல்லுமா, ஐயா?"

"கழுத்தே இல்லையேம்மா."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்று போய்விட்டாள்.

என்ன சொன்னாள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். மூன்றும் சரி என்றால் எதை மாட்டுவது? நீயே சொல்.

உன் டெய்லர்


மார்ச் 25

டெய்லர் அவர்களுக்கு,

நான் வீட்டை விட்டு வந்தேன். நீங்கள் என் சட்டைக்குள் வெட்டுத்துணியை அடைத்து என் இடத்தில் உட்கார வைத்துவிட்டீர்கள். அதுவும் ஜம்மென்று இருந்ததாம். இருக்காதா? எதை மாட்டினாலும் தலையாட்டும். தலையும் இல்லையே, அதுவும் வசதிதான்.

உங்களுக்கு இன்னும் விளங்கவில்லை என்று எழுதினீர்கள். விளக்குகிறேன். படிக்கக் கற்றுக்கொண்டதற்கு எனக்குக் கோபம் இல்லை. கரண்ட் பில், பேங்க் கடிதம், கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு, எல்லாவற்றையும் இத்தனை காலம் நான்தான் படித்துச் சொன்னேன். ஒரு நாளாவது சலித்துக்கொண்டேனா? ஊரெல்லாம் கேட்க என்னை வாத்தியாரம்மா என்று கூப்பிட்டுவிட்டு, கற்றுக்கொள்ள வேறு வாத்தியாரைத் தேடிப் போனீர்கள். என்னிடம் கற்றுக்கொள்ள வெட்கமா? அல்லது நான் சொல்லிக்கொடுத்தால் ஏறாதா?

அதையும் விடுங்கள். போன மாதம் உங்கள் மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்து, "இது காலையில, இது ராத்திரி" என்று படித்துச் சொன்னேன். நீங்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அப்போது உங்களுக்கே படிக்கத் தெரியும். எத்தனை நாள் அப்படி ஆட்டினீர்கள்? நான் அங்கே உட்கார்ந்து, தெரிந்தவருக்குத் தெரியாதவர் என்று நினைத்து வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

சைக்கிளும் அப்படித்தான். கேட்கவில்லை, வாங்கிவிட்டீர்கள். அளவு கேட்கவில்லை, சொல்லிவிட்டீர்கள்.

நான் இங்கேயே இருந்துவிடலாம் என்று நினைக்கிறேன். மகளிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் முதலில் சொல்லிவிட்டுச் செய்கிறேன்.

உங்கள் மகளின் அம்மா


ஏப்ரல் 3

வாத்தியாரம்மாவுக்கு,

திட்டு வாங்குவது பழக்கம்தான். ஆனால் திட்டை எழுத்துக் கூட்டிப் படிப்பது கொடுமை. காதில் விழுகிற திட்டு சட்டென்று முடிந்துபோகும். இது 'உ' என்று தொடங்கி, அடுத்த எழுத்து என்ன என்று நானே தேடித் தேடி வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. 'இருந்துவிடலாம்' என்ற சொல்லை மட்டும் முதலில் தப்பாகப் படித்துவிட்டேன் என்று நினைத்தேன். திரும்பவும் கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் படித்திருக்கிறேன்.

பொம்மையை இறக்கிவிட்டேன். நீலச் சட்டையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.

ஏன் உன்னிடம் கற்றுக்கொள்ளவில்லை என்று கேட்டாய். கல்யாணமான புதிதில் நான் வெளியூர்த் தையல் கம்பெனியில் வேலை பார்த்தபோது நீ எனக்குக் கடிதம் போடுவாய். கட்டிங் மாஸ்டர்தான் படித்துக் காட்டுவார். சாப்பாட்டு நேரத்தில், மிஷின் வரிசை முழுக்கக் கேட்கும்படி, அவருக்கு வெண்கலத் தொண்டை. தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்குகிறேன் என்று ஒருமுறை நீ எழுதியிருந்தாய். அதை நான் அவர் வாயால் கேட்டேன். பக்கத்து மிஷின்காரன் நான் வேலையை விடுகிற வரைக்கும் என்னைத் தலையணை என்றுதான் கூப்பிட்டான். பதிலும் அவரே எழுதுவார். நான் ஒன்று சொல்வேன், அவர் அரை மணி நேரம் எழுதுவார். என்ன எழுதினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

உனக்கும் எனக்கும் நடுவே ஆள் இல்லாத கடிதம் ஒன்று உனக்கு நான் போட வேண்டும் என்று இருந்தது. அதை உன்னிடமே கற்றுக்கொண்டு, நீ திருத்திக்கொடுத்து, உனக்கே எப்படிப் போடுவது? எழுத நன்றாக வந்த பிறகு சொல்லலாம் என்று மாத்திரை டப்பாவுக்குத் தலையாட்டினேன். நீ கடைக்குப் போனால்கூடத் திரும்பி வந்துவிடுவாய், உனக்குக் கடிதம் போட வழியே இல்லையே என்றும் அப்போது வருத்தப்பட்டேன். இப்போது வழி கிடைத்துவிட்டது. இது வேண்டாம் என்று இருக்கிறது. செய்தது தப்பா சரியா என்று யோசித்தால், காலையில் சரியாகப் படுகிறது, சாயங்காலம் தப்பாகப் படுகிறது.

இப்போது கேட்கிறேன். உனக்குச் சைக்கிள் வேண்டுமா? வேண்டாம் என்றால் எழுது, திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், ஸ்பேனர் ஒன்றும் சொல்ல மாட்டாள். வேண்டும் என்றால் எப்படி வேண்டும் என்று நீ சொல். நான் எதையும் சேர்க்க மாட்டேன்.

அங்கேயே இருப்பதைப் பற்றி என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கான எழுத்தெல்லாம் எனக்குத் தெரியும். வரிசைதான் வரவில்லை.

உன் டெய்லர்


ஏப்ரல் 10

டெய்லருக்கு,

கட்டிங் மாஸ்டர் என்ன எழுதினார் என்று நான் சொல்கிறேன். 'என் இதய சிம்மாசனத்தில் வீற்றிருக்கும் மகாராணியே' என்று தொடங்குவார். பெண் பார்க்க வந்தபோது வாயே திறக்காத மனுஷர் இப்படி எழுதுகிறாரே, நான் யாரைக் கட்டிக்கொண்டேன் என்று பயந்தேன். நீங்கள் ஊர் திரும்பி வந்து, "சாப்பாடு இருக்கா?" என்று கேட்டபோதுதான் உயிர் வந்தது. இந்தத் தலையணைக் கதையை இத்தனை காலம் எப்படி வெளியே விடாமல் வைத்திருந்தீர்கள்? படித்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது. பேத்தி, "பாட்டி, உனக்குக் காய்ச்சலா?" என்று கேட்டாள்.

கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். கொஞ்சம் இருக்கிறது. எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

இன்னொன்று நடந்தது. பேத்தியின் சைக்கிளுக்குப் பஞ்சர் போட இங்கே ஒரு கடைக்குப் போனேன். நீங்கள் சொன்ன ஆட்டுக்கொம்பு ஒன்று ஸ்டாண்டில் நின்றது. என்னையறியாமல் தொட்டுப் பார்த்துவிட்டேன். கடைக்காரர், "சும்மா ஏறி உட்காருங்கம்மா, விழாது" என்றார். உட்கார்ந்தேன். கையை நீட்டிப் பிடித்ததும் யாரோ என்னை மேஜைக்குக் குறுக்கே இழுத்துப் போட்ட மாதிரி இருந்தது. பிடரி வலித்தது. முன்சக்கரத்தைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. தோளுக்கு அகலமும் அதிகம். கையை விரித்துக் கதவை மறிக்கிறவள் போல உட்கார்ந்திருந்தேன். அவர் சின்ன ஸ்டெம் ஒன்றை ஏறுமுகமாக மாட்டிக் கொடுத்தார். மறுபடி உட்கார்ந்தேன். இப்போது தெரு முழுக்கத் தெரிந்தது. முனையில் திரும்புகிற பால் வண்டி வரைக்கும் தெரிந்தது. பஞ்சர் போட்டு முடித்த பிறகும் கொஞ்ச நேரம் இறங்கவில்லை. பேத்திதான் இழுத்துக்கொண்டு வந்தாள்.

அளவு எவ்வளவு என்று அவர் சொன்னார். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். சேர்க்க மாட்டேன் என்று சொல்வீர்கள், உங்கள் கை சேர்த்துவிடும். எந்தத் துணியையாவது ட்ரையல் பார்க்காமல் கொடுத்து அனுப்பியிருக்கிறீர்களா? எனக்கு வலிக்கிறதா இல்லையா என்று நான் உட்கார்ந்து சொல்ல வேண்டும், நீங்கள் நின்று கேட்க வேண்டும். ஆனால் நான் இப்போது அங்கே வருவதாக இல்லை.

வேண்டும் என்று எழுதவில்லை, வேண்டாம் என்றும் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். எனக்கே ஒன்றும் பிடிபடவில்லை. நேற்றுப் பேத்தி ஒரு பக்கம் முழுவதையும் தானாகவே படித்துவிட்டாள். எனக்குக் கண் கலங்கியது. சந்தோஷத்தில்தான் என்று நினைக்கிறேன்.

இனி போனை நான் எடுக்கிறேன். கடிதத்தையும் நிறுத்த வேண்டாம்.

நான்தான்


ஏப்ரல் 17

வாத்தியாரம்மாவுக்கு,

நேற்று போனில் பேசியதை இங்கே எழுதி வைத்துக்கொள்கிறேன். எனக்குச் சரியாகப் புரிந்ததா என்று நீ பார்த்துச் சொல்.

நான், "அளவெடுக்க டெய்லர் வீட்டுக்கே வர்றதில்லையா? நான் அங்க வரட்டுமா? சைக்கிள்லயே?" என்று கேட்டேன்.

நீ, "ரோட்டுல லாரியெல்லாம் வரும்" என்றாய்.

"ஓரமாத்தான் வருவேன்."

"மாத்திரையை எடுத்து வைங்க. வெயில்ல ஓட்டாதீங்க. மூட்டு வீங்கினா பஸ் ஏறிடணும்."

"வரட்டுமான்னு கேட்டேனே, அதுக்குப் பதிலே சொல்லலையே?"

"வர வேண்டாம்னா உங்க மூட்டைப் பத்தி நான் எதுக்குப் பேசறேன்?"

இதை நான் சரி என்று எடுத்துக்கொண்டேன். தப்பு என்றால் வழியில் மறித்துச் சொல்லிவிடு.

உன் சைக்கிளை லாரி பார்சலில் அனுப்பிவிட்டேன். ஹேண்டில்பார் இல்லாமல்தான் வரும், மாப்பிள்ளையிடம் பயப்பட வேண்டாம் என்று சொல். பார்சலின் மேல் முகவரியை நானே எழுதினேன். பார்சல் ஆபீஸ்காரர் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்து, "யார் எழுதினது?" என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "நான்தான்" என்றேன். "வேற யாரையாவது எழுதச் சொல்லுங்க" என்றார். சொல்லவில்லை. இன்னொரு முறை, பெரிதாக, நானே எழுதிக் கொடுத்தேன்.

அகலம் அதிகம் என்று நீ எழுதியதால், பதினாறோடு குறுகின ஹேண்டில்பார் ஒன்றும் வாங்கிவிட்டேன். ஸ்பேனர், "குட்டை ஸ்டெம்மையும் குறுகின ஹேண்டில்பாரையும் மட்டும் எடுத்துக்கிட்டுப் போங்க, சுமையைக் குறைங்க" என்கிறாள். அவள் சொல்வதே சரியாக இருக்கலாம். ஆனாலும் மூன்று ஸ்டெம்மையும், இரண்டு ஹேண்டில்பாரையும் பையில் கட்டிவிட்டேன். நீ எதைச் சொல்வாய் என்று நானே இங்கே முடிவு செய்யக்கூடாதல்லவா? ஹேண்டில்பார் இரண்டும் பைக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கின்றன. தெருவில் இரண்டு நாய்கள் என் பின்னாலேயே வந்து பார்த்துவிட்டுத் திரும்பின.

ட்ரையல் முடிந்த பிறகு அந்தப் பின்பக்க அறையா, நம் வீடா, இல்லை இரண்டு சைக்கிளும் வேறு எந்தப் பக்கமாவது திரும்புமா, எனக்குத் தெரியாது. நீ உட்கார்ந்து பார்த்துச் சொல். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன். யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. ஆனால் இப்படிக் குழம்பிக்கொண்டு இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

நாளை வெயில் ஏறும் முன் கிளம்புகிறேன். வந்து சேர எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அடுத்த வாரம் எங்கே இருந்தாலும் ஒரு மரத்தடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு உனக்கு எழுதுவேன். எந்த ஊர் என்று இப்போது கேட்காதே; பலகையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக, தேதிக்குப் பக்கத்தில் போட்டு அனுப்புகிறேன். கடிதம் வருவதற்குள் நானே வந்துவிட்டால், அதில் என்ன எழுதினேன் என்று என் வாயைக் கிளறாதே. தபால்காரர் வரட்டும். நீ தனியாகப் படி.

உன் டெய்லர்